கொழுப்பு பணக்காரன் வியாதியா?

“கொழுப்பா? அது காரிலே போகிறவனுக்கு வருகிற வியாதி. கஞ்சி குடிக்கிறவனுக்கு ஏது கொழுப்பு?”

மில் கேட்டிலும், களத்துமேட்டிலும், டீக்கடை பெஞ்சியிலும் இந்தப் பேச்சைக் கேட்காத தோழர் இருக்க முடியாது. சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல இது. இந்த ஒரு நம்பிக்கையை நம்பி உழைக்கும் மக்கள் உயிரைப் பறிகொடுத்து வருகிறார்கள்.

இரவு ஷிப்டு முடித்து வந்த தொழிலாளி நெஞ்சை அடைக்கிறது என்கிறார். வீட்டிலுள்ளவர்கள் வாயு என்கிறார்கள். சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். முதுகை நீவி விடுகிறார்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வயது ஐம்பது கூட ஆகவில்லை. ஒட்டிய வயிறு, மெலிந்த உடம்பு. “நல்லாத்தானே இருந்தார், காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லையே!” என்று தெருவே அழுகிறது. எந்தத் தொழிலாளர் காலனியில் இது நடக்கவில்லை? எந்தச் சேரியில் நடக்கவில்லை?

அந்த மனிதரின் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருந்தது என்று, அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒரு முறையாவது சோதித்தார்களா? இல்லை. சோதிக்க வேண்டும் என்று யாராவது அவரிடம் சொன்னார்களா? அதுவும் இல்லை. பணக்காரன் வருஷா வருஷம் சோதித்துக் கொள்கிறான், மாத்திரை சாப்பிடுகிறான், எண்பது வயது வரை இருக்கிறான். ஏழை சோதிக்காமலே சாகிறான். பிறகு “இது பணக்காரன் வியாதி” என்று நாமே சொல்லிக் கொள்கிறோம். என்ன வேடிக்கை!

கொலஸ்ட்ரால் என்பது என்ன?

கொலஸ்ட்ரால் விஷமல்ல. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் அது வேண்டும். நமது உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை ஈரலே தயாரிக்கிறது. ஆகவே கறி தின்றாலும் சரி, கஞ்சி குடித்தாலும் சரி, கொலஸ்ட்ரால் இல்லாத மனிதன் உலகத்தில் கிடையாது. அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கொழுப்பு தண்ணீரில் கரையாதது போலவே ரத்தத்திலும் கரையாது. எனவே அது புரதத்தோடு சேர்ந்து சின்னஞ்சிறு பொட்டலங்களாக ரத்தத்தில் பயணம் செய்கிறது. இவற்றில் முக்கியமானவை இரண்டு. எல்.டி.எல். என்ற பொட்டலம் கொழுப்பைச் சுமந்து உடம்பெங்கும் கொண்டு போகிறது. எச்.டி.எல். என்ற பொட்டலம் மிச்சத்தைப் பொறுக்கி ஈரலுக்குத் திருப்பி எடுத்து வருகிறது. எல்.டி.எல். மிகுந்துவிட்டால் அது ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும்.

வாய்க்காலில் வண்டல் படிந்தால் என்ன ஆகும் என்பதை விவசாயத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வண்டல் தரையில் படியும்; இந்தக் கொழுப்போ கரைக்கு உள்ளேயே புகுந்து கரையை உப்பச் செய்கிறது. இருபது, முப்பது வருஷம் ஒரு வலியும் தெரியாது. ஒரு நாள் அந்த உப்பிய கரை வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைக்கிறது. கடைமடை வயல் காய்வது போல், ரத்தம் எட்டாத இருதயத் தசை சாகத் துவங்குகிறது. இதுதான் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் இதே அடைப்பு ஏற்பட்டால் பக்கவாதம். “நல்லாத்தானே இருந்தார்” என்பதன் ரகசியம் இதுதான். வெளியே நன்றாக இருந்தார். உள்ளே கரை உப்பிக்கொண்டிருந்தது.

இதை விஞ்ஞானம் இன்று நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. ரஷ்யாவில் புரட்சி நடப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1913-ல், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நிக்கலாய் அனிச்கோவ் என்ற இளம் விஞ்ஞானி, கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். வெறும் எண்ணெய் மட்டும் குடித்த முயல்களின் ரத்தக் குழாய்கள் நன்றாயிருந்தன. கொலஸ்ட்ரால் தின்ற முயல்களின் குழாய்ச் சுவர்களில், மனிதர்களுக்கு உண்டாவது போன்ற கொழுப்புத் திட்டுகள் உண்டாயின. மற்ற நாட்டு வைத்தியர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் இதைச் சட்டை செய்யவில்லை. அனிச்கோவ் பிற்காலத்தில் சோவியத் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். அமெரிக்காவில் பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை உடம்பு எப்படி வாங்கிக் கொள்கிறது என்பதைக் கண்டறிந்து 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆக, நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டப்பட்டு வந்த விஞ்ஞானம் இது.

மெலிந்தவருக்கு வராதா?

தாராளமாக வரும். 52 நாடுகளில் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத அதே அளவு பேரையும் ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வெளியாயிற்று. அதற்குத் தலைமை வகித்தவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப். மாரடைப்புக்கு முக்கிய காரணங்கள் ஒன்பது என்றும், அவற்றில் ரத்தக் கொழுப்பின் கோளாறும் புகையும் முன்வரிசையில் நிற்கின்றன என்றும் அது காட்டியது. மற்றவை ரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மனக்கவலை, காய்கனி இல்லாத சாப்பாடு, உடலுழைப்பு இன்மை முதலியன. அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. மற்ற நாட்டாருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 58-க்கு மேல். இந்தியா முதலிய தெற்காசிய நாட்டாருக்கு அது 53. அதாவது ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே நம்மைத் தாக்குகிறது. பிள்ளைகள் இன்னும் கரையேறாத வயது அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நாடெங்கும் நடந்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. நம் நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 24 பேருக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று அது சொல்கிறது. நாலு பேர் கூடினால் ஒருவர்! அந்த ஒருவர் தொந்தி விழுந்தவராகத்தான் இருப்பார் என்பது இல்லை. வெள்ளை அரிசிச் சோறும் சர்க்கரை போட்ட டீயுமே வயிற்றை நிரப்புகிறபோது, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு ஏறுகிறது, காப்பாற்றும் எச்.டி.எல். இறங்குகிறது. பீடி ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. சில குடும்பங்களில் பிறப்பிலேயே கொழுப்பு மிகுந்திருக்கும். முப்பது, நாற்பது வயதிலேயே தகப்பனும் மகனும் அடுத்தடுத்துப் போவார்கள்.

“நான் தினம் மண்வெட்டி பிடிக்கிறேன், எனக்கு என்ன வரும்?” என்று கேட்கலாம். உழைப்பு இருதயத்துக்கு நல்லதுதான். லண்டன் நகரத்து மாடி பஸ்களில், நாள் முழுதும் படியேறி இறங்கிய கண்டக்டர்களைக் காட்டிலும், உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் நிரூபித்தார். ஆனால் உழைப்பு மட்டும் காப்பாற்றிவிடாது. அதே லண்டனில் 1967 முதல் சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தொடர்ந்து பார்த்துவந்த ஆராய்ச்சியின் முடிவு 1978-ல் வந்தது. மேல்தட்டு அதிகாரிகளைப் போல் 3.6 மடங்கு, கீழ்த்தட்டுச் சேவகர்களும் காவலாளிகளும் இருதய நோயால் மாண்டனர். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் வித்தியாசத்தின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. வேலையின் தன்மை, வாழ்க்கையின் நெருக்கடி, அதிகாரத்தின் கீழ் நசுங்கிக் கிடப்பது, இவையெல்லாம் இருதயத்தைத் தின்கின்றன. ஆகவே இது பணக்காரன் வியாதி என்பது முழுப் பொய். ஏழையை அதிகமாகக் கொல்கிற வியாதி இது.

ஒரு மாகாணம் விழித்துக் கொண்டது

இதற்கு விமோசனம் உண்டா? உண்டு. பின்லாந்து நாட்டைப் பாருங்கள்.

அந்நாட்டின் கிழக்குக் கோடியில், ரஷ்ய எல்லையை ஒட்டி, வடகரேலியா என்ற ஏழை மாகாணம் இருக்கிறது. மரம் வெட்டுகிறவர்களும் மாடு வளர்க்கிற சிறு விவசாயிகளும் அங்கு அதிகம். இரும்பு போன்ற உடம்புக்காரர்கள். ஆனால் 1960-களில், உலகத்திலேயே இருதய நோயால் ஆண்கள் மிக அதிகமாகச் சாகும் இடங்களில் அதுவும் ஒன்று. ரொட்டியில் வெண்ணெய் அப்பித் தின்றார்கள், ஏடெடுக்காத பாலைக் குடித்தார்கள், காய்கறி தொடுவதில்லை, ஆண்களில் பாதிப் பேர் புகைத்தார்கள். ஆண்களின் சராசரி ரத்தக் கொலஸ்ட்ரால் 265 இருந்தது.

ஊருக்கு ஊர் விதவைகள் பெருகினார்கள். 1971 ஜனவரியில் அம்மாகாண மக்கள் தமது பிரதிநிதிகள் மூலம் சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள். “எங்களைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள்” என்று கேட்டார்கள். 1972-ல் வேலை துவங்கியது. பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமை ஏற்றார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். மாதர் சங்கங்கள் புதுச் சமையல் கற்றுக் கொடுத்தன. இறைச்சி பதனிடும் ஆலை, பண்டத்தில் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்த்தது. வெண்ணெய்க்குப் பதில் கடுகு இனத்து எண்ணெய் வந்தது. வெண்ணெய் விற்காவிட்டால் மாட்டுக்காரர் பிழைப்பு என்ன ஆவது என்ற கேள்வி வந்தபோது, அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. பழப் பயிருக்கு மாற சர்க்கார் பண உதவி செய்தது. 1976-ல் நாடு முழுமைக்கும் புகையிலைச் சட்டம் வந்தது. ரத்த அழுத்தக்காரரைத் தேடிப் பிடித்து வைத்தியம் செய்தார்கள்.

பலன்? 2007-ல் ஆண்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் சுமார் 210-க்கு இறங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இருதய நோய்ச் சாவு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. 100 பேர் சாக வேண்டிய இடத்தில் 80 பேருக்கு மேல் பிழைத்தார்கள்!

தனி மனிதனைப் பார்த்து “நீ வாயைக் கட்டு” என்று உபதேசம் செய்வதோடு அவர்கள் நின்றிருந்தால் இது நடந்திருக்குமா? கடையில் கிடைக்கும் பண்டத்தை மாற்றினார்கள்; சட்டத்தை மாற்றினார்கள்; விவசாயியின் பிழைப்புக்கு வழி செய்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலில், ஜனங்கள் கூடிக் கோரிக்கை வைத்தார்கள். நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

அரிசியில் பூத்த பூஞ்சணம்

சாப்பாட்டை மாற்றியும் இறங்காத கொழுப்பை இறக்க மாத்திரை உண்டு. அதன் கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் அக்கிதா பகுதி விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்த அக்கிரா எண்டோ, ஈரலின் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடி ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973-ல், கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்த பச்சை நீலப் பூஞ்சணத்தில் அந்தப் பொருளைக் கண்டார். ஸ்டாட்டின் என்ற மருந்து வகை இப்படிப் பிறந்தது. அது உயிரைக் காக்குமா என்று ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளிகளிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட பாதிப் பேரில் 256 பேர் மாண்டனர். மருந்து சாப்பிட்ட மறு பாதியில் 182 பேர். 74 உயிர்கள் மிஞ்சின.

எண்டோ 2024-ல் காலமானார். அவருடைய கண்டுபிடிப்பின் லாபம் அவர் கைக்கு வரவில்லை. வந்தது யாருக்கு? அடார்வாஸ்டாட்டின் என்ற ஒரே ஒரு ஸ்டாட்டினை விற்று, ஃபைசர் என்ற அமெரிக்கக் கம்பெனி, 2011-ல் அமெரிக்காவில் பேட்டண்ட் உரிமை தீர்வதற்குள் 12,500 கோடி டாலர் வாரியது. கண்டுபிடித்தவன் ஒருவன், கல்லா கட்டியவன் வேறொருவன். முதலாளித்துவத்தின் தர்மம் அது!

“அப்படியானால் மாத்திரையே கம்பெனிக்காரன் மோசடிதானே?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இல்லை. கொள்ளை விலையில் இருந்தது, மருந்தில் இல்லை. நெல்லைப் பதுக்கி விற்கிறான் என்பதற்காகச் சோறு விஷமாகிவிடுமா?

இந்தியாவில் இந்த மாத்திரை மலிவாகக் கிடைப்பது யாருடைய தயவாலும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்துப் பேட்டண்ட் சட்டத்தை ஆராய்ந்து நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் அறிக்கை கொடுத்தார். அதன் வழியில் 1970-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் செய்தது. 1972-ல் அது அமலாயிற்று. மருந்துப் பொருளுக்கு எவனும் ஏகபோகம் கொண்டாட முடியாது, செய்முறைக்கு மட்டுமே உரிமை என்றது அச்சட்டம். இந்தியத் தொழிற்சாலைகள் தமது சொந்த முறையில் அதே மருந்துகளைச் செய்து மலிவாக விற்றன. 2005-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கி சர்க்கார் அந்தச் சட்டத்தை மாற்றியபோது, இடதுசாரிக் கட்சிகள் போராடிச் சில பாதுகாப்புகளைச் சேர்க்க வைத்தன. பழைய மருந்தைச் சற்றே உருமாற்றிப் புதிய உரிமை கேட்கும் தந்திரத்தைத் தடுக்கும் 3(டி) பிரிவு அவற்றில் ஒன்று.

மருந்து இருக்கிறது; மனிதனுக்கு எட்டவில்லை

மாத்திரை மலிவு. விஞ்ஞானம் தயார். அப்படியானால் எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமே? கிடைக்கிறதா?

மாரடைப்போ பக்கவாதமோ ஒரு முறை வந்து பிழைத்தவர்கள் இந்த மாத்திரையைக் கட்டாயம் சாப்பிட வேண்டியவர்கள். உலகின் 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பார்த்த ஆராய்ச்சி, இவர்களில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று 2011-ல் சொன்னது. பணக்கார நாடுகளில் 100-க்கு 66 பேர். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், ஜிம்பாப்வே அடங்கிய ஏழை நாடுகளில் 100-க்கு 3 பேர்!

அதே ஆராய்ச்சி 2014-ல் இன்னும் ஒன்று சொன்னது. கொழுப்பு, புகை, ரத்த அழுத்தம் முதலிய ஆபத்துக் காரணங்களைக் கூட்டிப் பார்த்தால், பணக்கார நாட்டாருக்கே அதிகம்; ஏழை நாட்டாருக்குக் குறைவு. ஆனால் மாரடைப்பும் அதனால் வரும் சாவும் ஏழை நாடுகளிலேயே அதிகம். இதற்கு என்ன அர்த்தம்? நோயைக் காலத்தில் கண்டுபிடித்து வைத்தியம் செய்கிற ஏற்பாடு அங்கே இருக்கிறது, இங்கே இல்லை. நம் ஆட்கள் கொழுப்பினால் மட்டும் சாகவில்லை. கேட்பாரற்றுப் போனதால் சாகிறார்கள்.

ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். ரத்தம் சோதிக்க வேண்டுமானால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். அன்றைய கூலி போயிற்று. முடிவு வாங்க இன்னொரு நாள், இன்னொரு கூலி. தனியார் சோதனைச்சாலை என்றால் சில நூறு ரூபாய். உடம்பில் வலியே இல்லாதபோது இத்தனை செலவு செய்து அவள் ஏன் போவாள்? போகாதது அவளுடைய அறியாமை என்று சொல்கிறவர்கள், அவளுடைய கூலிக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

நம் கையில் இருப்பது

சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்கவும் கூடாது. நம்மால் ஆவதை இன்றே துவங்கலாம்.

முதலில் பீடியை விடுங்கள். விட்ட முதல் ஆண்டிலேயே மாரடைப்பு அபாயம் நன்றாகக் குறைகிறது. இதற்கு ஒரு காசு செலவில்லை, மிச்சம்தான்.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். வனஸ்பதியைத் தொடாதீர்கள். எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது பிறக்கும் ட்ரான்ஸ் கொழுப்பு, கெட்ட எல்.டி.எல்.லை ஏற்றி நல்ல எச்.டி.எல்.லை இறக்கும் என்று 1990-லேயே டச்சு விஞ்ஞானிகள் காட்டினார்கள். நம் நாட்டில் அதற்கு 100-க்கு 2 பங்கு என்ற வரம்பு 2022 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்கும் வடை, பஜ்ஜி, போண்டா, பகோடாவைக் குறையுங்கள். இரவு ஷிப்டுக்கு பன்னும் டீயும் மட்டுமே துணை என்பதை மாற்றி, ஒரு கைப்பிடி வறுகடலையோ சுண்டலோ கொண்டு போங்கள்.

நம் பாட்டன்மார் தின்ற கேழ்வரகு, கம்பு, கொள்ளு, பயறு, முருங்கைக் கீரை ஆகியவற்றில் உள்ள நார்ப் பொருள் ஓரளவு கொழுப்பைக் குறைக்கும், மலிவானதும் கூட. மத்தி மீன் ஏழையின் மீன், இருதயத்துக்கும் நல்லது. முட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம். தினம் ஒரு முட்டை பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாது. அதைவிட ஆட்டுக் கொழுப்பு, நெய், வனஸ்பதி, ஆகியவைதாம் ரத்தக் கொழுப்பை ஏற்றுகின்றன.

40 வயது தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள், ஒரு முறையாவது ரத்தக் கொழுப்பைச் சோதிக்க வேண்டும். எல்.டி.எல். பொதுவாக 100-க்குள் இருப்பது நல்லது. மாரடைப்பு வந்தவருக்கு 70-க்குக் கீழே இருக்க வேண்டும். இன்னும் கீழே, 55-க்குள் வேண்டும் என்கிற டாக்டர்களும் உண்டு. 190-க்கு மேல் போனால் சாப்பாடு மட்டும் போதாது, மருந்தும் தேவை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு “சரியாகிவிட்டது” என்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கொழுப்பு பழைய இடத்துக்கே ஏறும். தசை வலி முதலியன தோன்றினால் டாக்டரிடமே சொல்லி மாற்றிக் கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் இதைச் சாப்பிடக் கூடாது. “பதினைந்து நாளில் அடைப்பைக் கரைப்போம்” என்று விளம்பரம் செய்து பாட்டில் விற்கிறவர்களிடம் கூலிக் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் வலித்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் வாயு என்று சோடா தேடாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி இல்லாமல் மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டுமே வரலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்புக்கு முதல் நேரத்தில் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைக்கும் திட்டத்தைத் தமிழக சர்க்கார் 2023-ல் துவக்கியது. உங்கள் ஊர் நிலையத்தில் அவை இருக்கின்றனவா என்று இப்போதே போய்ப் பார்த்து வையுங்கள். அடைப்பு வந்த பிறகு விசாரிக்க நேரம் இராது.

கோரிக்கைகளை எழுப்புவோம்

“சங்கம் போனஸுக்குப் போராடுமா, கொழுப்புக்குப் போராடுமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. எட்டு மணி வேலை நேரம் என்ற கோரிக்கையே உடம்பைக் காப்பாற்றிக் கொள்ளும் கோரிக்கை அல்லவா? ஈ.எஸ்.ஐ. திட்டம் 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் துவங்கி, 1955-ல் கோவைக்கு வந்தது. இன்று நமது சம்பளத்தில் 100-க்கு 75 காசு அதற்காகப் பிடிக்கப்படுகிறது. அது நம் பணம். காய்ச்சல் மாத்திரைக்கு மட்டும் க்யூவில் நிற்பதற்காக நாம் அதைக் கட்டவில்லை.

ஆகவே நாம் கேட்போம்:

40 வயது தாண்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஆண்டுக்கு ஒரு முறை, மில் வளாகத்திலேயே, சம்பளத்தோடு, ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனை நடத்த வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளரையும் முகாம் கூலிப் பெண்களையும் விட்டுவிடக் கூடாது.

ஈ.எஸ்.ஐ. இல்லாத விவசாயத் தொழிலாளருக்கு, நடவும் அறுப்பும் இல்லாத காலத்தில், சேரிக்கும் காலனிக்கும் வந்தே ரத்தம் எடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. 40 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிக்குப் பொதுவாக ஸ்டாட்டினும் தேவை என்பதே இன்றைய வைத்திய விதி. எனவே அதே கையோடு கொழுப்புச் சோதனையும் ஸ்டாட்டினும் விடாமல் வீடு வந்து சேர வேண்டும்.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் தருகிறார்கள். ஏழைக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் ரத்தக் கொழுப்பை ஏற்றும் நிறை கொழுப்பு பாமாயிலில் 100-க்கு 40 பங்குக்கு மேல். கடலை எண்ணெயில் சுமார் 20 பங்குதான். நம் மாநிலத்து மானாவாரி நிலத்தில் விளையும் கடலையை நியாய விலைக்கு வாங்கி, எண்ணெயாக்கி, அதே மலிவு விலையில் ரேஷனில் கொடுக்க வேண்டும். கடலை விவசாயிக்கும் வாழ்வு, நமக்கும் உயிர். பின்லாந்து சர்க்கார் தன் விவசாயிக்குச் செய்ததை நம் சர்க்கார் செய்யக் கூடாதா?

தோழர்களே! சோதனை நடக்கட்டும் என்று நிர்வாகம் சம்மதிக்கும் வரையில் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தன் உறுப்பினரில் 40 வயது தாண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் போடட்டும். பத்துப் பத்துப் பேராக அழைத்துக் கொண்டு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகட்டும். தனியாகப் போகிறவனை “அடுத்த வாரம் வா” என்று திருப்பி அனுப்புகிறவர்கள், பத்துப் பேர் கொடியோடு வந்தால் நின்று பதில் சொல்வார்கள். கருவி இல்லை, மருந்து இல்லை என்றால் எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதமே அடுத்த போராட்டத்தின் மனு.

மாரடைப்பில் ஒரு தோழர் போனால் நாம் கொடியைச் சாய்த்து, மாலை போட்டு, வீர வணக்கம் செலுத்துகிறோம். அது நம் கடமை. ஐம்பது வயதில் அவருக்கு மாலை போடாமல், எழுபது வயதில் அவர் கையாலேயே மே தினக் கொடியை ஏற்ற வைப்பது அதைவிடப் பெரிய கடமை.